மைனரின் வெல்வெட் கோட்

அத்தியாயம் பதினேழு

பழைய துணிக்கு ஒரு வாடை உண்டு. பெட்டிக்குள் பல வருஷம் கிடந்த பூச்சி உருண்டை, காயாமல் மடித்து வைத்த வியர்வை, அதை மறைக்க மேலே தெளித்த செண்ட், எல்லாம் சேர்ந்து ஊறிப்போன வாடை. அதைத்தான் இப்போது ஊரே "ஆகா, அந்தக் காலம்!" என்று மூக்கை விரித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. டிரை கிளீனிங் கடை நடத்தும் பெரியவளுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

"இவங்கள்லாம் ஒரு நாள் என் கடையில வந்து உக்காந்து மூட்டை பிரிக்கட்டும்" என்பாள். "அந்தக் காலமாவது, இந்தக் காலமாவது. அக்குள் அக்குள்தான்."

போன வாரம் அவள் தம்பியோடு சண்டை போட்டுப் போனை வைத்த இடத்தில் விட்டோம். சண்டைக்குக் காரணம் அவர்களுடைய அப்பா. தெருவே 'மைனர்' என்று கூப்பிட்ட மனிதர். பெரியவளுக்குப் பதினொரு வயது, தம்பி தொட்டிலில், அப்போது ஒரு நாள் தன் துணிமணிகளை மட்டும் இரண்டு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனவர். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போனார், ஒரு கைக்குட்டையை விட்டுப் போகவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அதே பெட்டிகளோடு வந்து இறங்கியிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் பெல்பாட்டமும் பூப்போட்ட சட்டையுமாக நின்றவரை யாரோ ஒரு பெண் படம் பிடித்துப் போட, அது எல்லோருடைய கைபேசிக்குள்ளும் போய், மைனர் இப்போது 'ரெட்ரோ தாத்தா'. பழைய பாணி உடைகளுக்கென்றே கடை திறக்கப்போகும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு மைனரின் படம் நிற்கப்போகிறது. அவருக்குப் பக்கத்தில், அவர் தோளில் சாய்ந்தபடி, அம்மா.

'அன்றும் இன்றும் அதே காதல்' என்று படத்துக்கு அடியில் எழுதப்போகிறானாம்.

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுத்தான் பெரியவள் போனை வைத்தாள். அம்மா அந்த மனிதர் தோளில் சாய்ந்து ஊருக்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. என்ன ஆனாலும் அதை நடக்கவிடக் கூடாது என்று இருந்தாள்.

இன்று காலை கடைக்குள் முதலில் நுழைந்தது தம்பியின் பேன்ட். தம்பி அதற்குப் பின்னால் வந்தான். முழங்காலுக்குக் கீழே விரிந்து, செருப்பை முழுசாக மூடி, தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது அந்தப் பேன்ட். நேற்றைய மழையில் தெருவில் என்னென்ன கிடந்ததோ, அதில் பாதி அதன் விளிம்பில் ஒட்டியிருந்தது. ஒரு பஸ் டிக்கெட், யாருடையதோ தலைமுடி, பெயர் சொல்லக் கூசும் ஈரமான ஏதோ ஒன்று.

"அங்கேயே நில்லு" என்றாள் பெரியவள். "இப்பதான் தரையைத் துடைச்சேன்."

"இதுதான்க்கா ஒரிஜினல் கட்டு."

"முனிசிபாலிட்டில போய்க் கேளு, உடனே வேலை தருவாங்க. தெரு கூட்டற மிஷின் மிச்சம்."

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். பெரியவளைவிட மூத்தவர், கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறார். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை அக்கா என்பார். அந்தக் கணக்கு இருவருக்கும் சரியாகத்தான் இருந்தது.

தம்பி சிரிக்கவில்லை. காதோரம் இறங்கியிருந்த கிருதாவைத் தடவிக்கொண்டான். இரண்டு மாதமாக வளர்க்கிறான். அப்பாவின் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து, அதே அளவுக்கு, அதே சாய்வுக்கு. நாற்பத்தைந்து வயது ஆள், தனக்கு நினைவே இல்லாத ஒரு காலத்துக்காக இப்படி ஏங்குகிறானே என்று பெரியவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம்.

"சாயங்காலம் போட்டோ எடுக்கறோம். அதுக்குள்ள இது ரெடியாகணும்" என்று பொட்டலத்தைப் பிரித்தான்.

மைனரின் ஊதா நிற வெல்வெட் கோட்டு. காலர் இரண்டு பக்கமும் தோள் வரை விரிந்திருந்தது. கழுத்து மடிப்பில் தலைக்கு அடிக்கும் சாயமும் எண்ணெயும் சேர்ந்து மெழுகாக இறுகியிருந்தது. அக்குளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. முன்பக்கம் நாணயத்தைவிடப் பெரிய, பழுப்பு நிறப் பட்டன்கள்.

வாடை கவுன்ட்டரைத் தாண்டி வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"தொட்டுப் பாருக்கா. இப்பல்லாம் இந்த மாதிரித் துணி வருமா?"

பெரியவள் தொடவில்லை. ஒருமுறை தொடப் பார்த்திருக்கிறாள். எட்டு வயதில் காய்ச்சல் வந்து கண் சொருகிக் கிடந்தபோது, வெளியே கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினாள். மைனர் இரண்டு விரலால் அவள் நெற்றியில் வைத்துத் தள்ளி நிறுத்தினார். "தொடாத, தொடாத. வெல்வெட்டுல கை பட்டா அச்சு விழும்" என்றார். பிறகு விரலை நாக்கில் தொட்டு, புருவத்தை நீவிக்கொண்டு, கண்ணாடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சல் மறந்துவிட்டது, அந்த எச்சில் விரல் மறக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான் தம்பி. குரலில் பெருமை. "அம்மா இதைப் பத்திரமா வெச்சிருந்தாங்கக்கா. நான் கேக்கவே இல்ல, அவங்களே பெட்டி அடியிலேருந்து எடுத்துக் குடுத்தாங்க. அப்பா காலத்து டிரெஸ்."

மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட மேக்ஸி. கணுக்கால் வரை நீளம், முழங்கையில் சின்ன மடிப்பு. பெரியவள் அதைப் பார்த்ததே இல்லை. அந்த மனிதர் போன பிறகு தையல் விட்ட ஜாக்கெட்டோடும் சாயம் போன புடவையோடும் வேலைக்குப் போய்வந்த அம்மா, அவர் காலத்து உடுப்பு ஒன்றை இத்தனை வருஷம் பூட்டி வைத்திருக்கிறாள். எதற்கு? இவர் திரும்பி வருவார், போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம் என்றா?

மைனர்மேல் இருந்த அருவருப்பு அம்மாமேலும் கொஞ்சம் தெறித்தது.

"வெச்சிட்டுப் போ" என்றாள்.

"ரெண்டு மணிக்கு…"

"வெச்சிட்டுப் போன்னு சொல்றேன்ல!"

தம்பி போனான். அவன் பேன்ட் வாசல்படியில் ஒரு ஈரக் கோடு இழுத்துவிட்டுப் போனது.

இந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. போட்டவளே பெரியவள்தான். கை படாமல் எந்தத் துணியும் மெஷினுக்குள் போகக் கூடாது. பையைத் துழாவ வேண்டும். சாயத்தைச் சோதிக்க வேண்டும். பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, சந்தேகம் வந்தால் மெஷினுக்குள் ஊற்றும் கெமிக்கலைப் பஞ்சில் ஒரு சொட்டு எடுத்து ஒற்றிப் பார்க்க வேண்டும். பழைய காலத்துப் பட்டன்களில் சில ரகம் அந்தக் கெமிக்கலில் கரைந்துவிடும். அப்படிப்பட்டவற்றைக் கத்தரித்து எடுக்க வேண்டும், இல்லை அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதற்காக ஒரு வேலையாளை அவள் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கிறாள்.

இன்று அவள் மரக் கிடுக்கியை எடுத்தாள். ஈரத் துணி எடுக்கிற கிடுக்கி. அதால் கோட்டின் காலரைக் கவ்வி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொண்டுபோய் மெஷினுக்குள் திணித்தாள். மஞ்சள் மேக்ஸியையும் அதன் மேலேயே தூக்கி எறிந்தாள். ரெண்டும் ஒண்ணாவே கிடக்கட்டும், அவ்வளவு ஆசைன்னா!

"அக்கா, பட்டன் பாத்தீங்களா?" என்றார் இஸ்திரி அண்ணன்.

"பாத்தாச்சு."

சொல்லிவிட்டுக் கதவை மூடினாள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஊதாவும் மஞ்சளும் ஒன்றையொன்று கட்டிப் புரண்டன. அதைப் பார்க்கவே அவளுக்குச் சகிக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெஷின் நின்று கதவைத் திறந்தபோது, வந்த வாடை துணி வாடை இல்லை. எரிந்த பிளாஸ்டிக் வாடை.

பட்டன் இருந்த இடத்தில் நூல் மட்டும் இருந்தது. பட்டன்கள் உருகிப் பழுப்புக் கூழாக வழிந்து, வெல்வெட்டில் அங்கங்கே அப்பி இறுகியிருந்தன. யாரோ மென்று துப்பிய மாதிரி இருந்தது. கோட்டைப் பார்த்து அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போனது. அப்புறம் மேக்ஸியை இழுத்தாள். அது வரவில்லை. கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்ததில் இடது இடுப்பிலிருந்து பின்பக்கம் கீழ் வரை பழுப்புக் கறை. கறையைச் சுற்றி மஞ்சளில் ஊதாவும் இறங்கியிருந்தது.

இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"வேணும்னே செஞ்சீங்களாக்கா?"

"இல்லண்ணே" என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை. பட்டனைப் பார்த்தாள்தானே? அந்தப் பழுப்பும் அந்தப் பருமனும் அவளுக்குத் தெரியாததா? கை வைக்க அருவருத்தது, அது நிஜம். ஆனால் அது மட்டும்தானா?

கறையை எடுக்க அவள் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தாள். கூழைக் கத்தி முனையால் சுரண்டினாள். கொஞ்சம் வந்தது, மீதி நூலுக்குள் போயிருந்தது. கடைசியில் மேக்ஸியை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

அம்மா டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் என்ன பேசினாலும் இப்போதும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதில் ஏதோ மாட்டியிருப்பவள் போலத்தான் கேட்பாள். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைப் பிடித்து நரைமுடியைச் சீவிக்கொண்டிருந்தாள். சாயங்காலப் போட்டோவுக்குத் தயாராகிறாள் என்று பார்த்ததும் பெரியவளுக்கு மறுபடி கசந்தது.

"என்ன, பாதி நேரத்துல வந்து நிக்கற? சொல்லு. லைன் கிளியராத்தான் இருக்கு."

பெரியவள் பையைக் கட்டில் மேல் வைத்தாள். "கெட்டுப் போச்சும்மா."

"எது?"

"உன் டிரெஸ்ஸு. அந்தாளு கோட்டு பட்டன் உருகி இதுல ஒட்டிடுச்சு. நான் சரியாப் பாக்கல."

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். மேக்ஸியை எடுத்து மடியில் விரித்தாள். கறை மேல் விரலை வைத்து, மெதுவாகக் கீழ் வரை கொண்டுபோனாள்.

"நீயா பாக்கல?"

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதனால்தான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. தப்பு செய்தவளுக்கே வருகிற அந்த வெறி வந்தது.

"ஆமா, பாக்கல! பாக்கப் பிடிக்கல! அந்தாளு உனக்கு வாங்கிக் குடுத்ததை இத்தனை வருஷம் பெட்டிக்குள்ள வெச்சிருந்திருக்க. இப்ப அதைப் போட்டுக்கிட்டு அவர் தோள்ல சாயப் போற. அருவருப்பா இருக்கும்மா எனக்கு. உனக்கு இல்லையா?"

"அவர் வாங்கிக் குடுத்ததுன்னு யார் சொன்னா?"

பெரியவள் நிறுத்தினாள்.

"தம்பி…"

"அவனுக்கு என்ன தெரியும், தொட்டில்ல கெடந்தவன்? அவர் போனதுக்கு அப்புறம் நானே வாங்கினது இது. நானே கடைக்குப் போயி, நானே எடுத்தேன். அதுவரைக்கும் எனக்கு என்ன நிறம் பிடிக்கும்னு எனக்கே தெரியாது. அவர் எடுத்துட்டு வர்றதைத்தான் போடுவேன். அவர் கோட்டுக்குப் பொருத்தமா ஒரு பொம்மை வேணும், அதுதான் நான்."

"நீ போட்டு நான் பாத்ததே இல்லையே."

"எப்படிப் பாப்ப? புருஷன் போனவ மினுக்கறான்னு தெருவுல பேசுவாங்க. பையில வெச்சு எடுத்துட்டுப் போயி, ஆபீஸ்ல மாத்திக்கிட்டேன். ஒரே ஒரு நாள்." அம்மா துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "கறுப்பு பெல்ட்டு ஒண்ணு நானே தெச்சிருந்தேன். அது எங்கயோ தொலைஞ்சு போச்சு. கண்ணாடியில பாத்தேன். நல்லாத்தான் இருந்தேன்டி."

"ஏன் ஒரே நாளோட விட்டுட்ட?"

"அன்னைக்கு மழை" என்றாள் அம்மா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. "நம்ம வீட்டு ஆல்பத்துல பாரு. பக்கத்துக்குப் பக்கம் அவர்தான். கார்ல சாஞ்சுக்கிட்டு, மரத்துல சாஞ்சுக்கிட்டு. அந்த வயசுல நான் எப்படி இருந்தேன்னு காட்ட ஒரு படம் கிடையாது. இந்தப் பையன் நல்ல கேமரா வருதுன்னான். சரி, இந்த டிரெஸ்ல ஒரு படம் எடுத்துக்கலாம்னு நினைச்சேன். அவர் பக்கத்துல நின்னாத்தான் எடுப்பாங்கன்னா, நின்னுட்டுப் போறேன்னு இருந்தேன். அவ்வளவுதான்."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள். காலையில் கிடுக்கியைப் பிடித்த கையைப் பார்த்தாள். இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது அந்தக் கைதான்.

"என்னை நல்லா நாலு திட்டு திட்டும்மா."

"திட்டினா கறை போயிடுமா?" அம்மா எழுந்தாள். மேக்ஸியைத் தோளில் வைத்துக் கண்ணாடி முன் நின்றாள். "முன்பக்கம் நல்லாத்தானே இருக்கு. போட்டோவுல பின்னாடி யார் போய்ப் பாக்கப் போறாங்க? நீயும் வா, கூட."

தம்பியின் கடையில் பெயர்ப்பலகையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. பின்னறையில் விளக்குகளைக் கட்டியிருந்தார்கள், படம் எடுக்கத் தம்பி கூப்பிட்டிருந்த பெண் கேமராவோடு நின்றாள். சுவரோரம் தலையில்லாத பொம்மைகள் நைலான் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. அந்த நைலானிலிருந்து சூட்டுக்கு ஒரு வாடை கிளம்பி அறையை நிறைத்திருந்தது.

நடுவில் உயர ஸ்டூலில் மைனர். பூப்போட்ட சட்டையின் மேல் இரண்டு பட்டன் திறந்திருந்தது, உள்ளே நரைமுடிக்கும் மை அடித்திருந்தார். விளக்குச் சூட்டில் தலைச்சாயம் உருகி, காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. விரலை நாக்கில் தொட்டார், புருவத்தை நீவினார்.

பெரியவள் கோட்டை அவர் மடியில் வைத்தாள். "பட்டன் உருகிடுச்சு" என்றாள்.

மைனர் கோட்டைப் பார்த்தார். வாய் பிளந்தது. "ஐயோ! என் கோட்டு! ஐயையோ, என் கோட்டு!" என்று அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நாற்பது வருஷம் கழித்துப் பிள்ளைகளைப் பார்த்த அன்றுகூட அந்தக் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"அக்கா, வேணும்னு பண்ணிட்ட, இல்ல?" என்றான் தம்பி. முகம் சிவந்திருந்தது.

"தெரியலடா" என்றாள் பெரியவள். அதைவிட நேர்மையான பதில் அவளிடம் இல்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அம்மா வெளியே வந்தாள், மஞ்சள் மேக்ஸியில். உடம்பு இளைத்துவிட்டதால் தோளில் கொஞ்சம் தொங்கியது. ஆனால் அவள் நிமிர்ந்து நடந்து வந்த விதத்தில், அறையில் எல்லோரும் ஒரு கணம் கோட்டை மறந்தார்கள்.

மைனரும் மறந்தார். "அட!" என்றார். முகம் விரிந்தது. கேமராப் பெண் பக்கம் திரும்பி, ரெட்ரோ தாத்தா குரலில் ஆரம்பித்தார். "இதைப் பாத்தா ஞாபகம் வருதும்மா. டெலிபோன் ஆபீஸ் படியில இறங்கி வருவா பாரு. இதே மஞ்சள். இடுப்புல கறுப்பு பெல்ட்டு. கையில சாப்பாட்டுப் பை. என்ன ஒரு அழகு! இன்னைக்கு நினைச்சாலும் இங்க அடிக்குது."

"ஐயோ அங்கிள், எவ்வளவு அழகா ஞாபகம் வெச்சிருக்கீங்க!" என்றாள் அந்தப் பெண்.

பெரியவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கறுப்பு பெல்ட்டு.

"எப்பப் பாத்தீங்க?" என்றாள்.

"எப்பன்னா… அப்பத்தான். அந்தக் காலத்துல."

"இது நீங்க போனதுக்கு அப்புறம் அம்மா வாங்கினது. ஒரே ஒரு நாள்தான் போட்டாங்க. ஆபீஸ்ல மாத்திக்கிட்டு, ஆபீஸ்லதான் போட்டிருந்தாங்க. அந்த பெல்ட்டை நானே பாத்ததில்ல. நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

மைனர் விரலை நாக்குக்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார்.

"அப்பா?" என்றான் தம்பி.

"வந்தேன்" என்றார் மைனர். "ஒரு தடவை வந்தேன். பாக்கணும் போல இருந்துச்சு. எதிர்ல நின்னு பாத்தேன்."

"எதிர்லயா? ரோட்டுக்கு அந்தப் பக்கமா?" தம்பியின் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "அவ்வளவு பக்கத்துல வந்துட்டு, ஏன் தாண்டி வரல?"

"வரணும்னுதான் நினைச்சேன். பாழாப் போன மழை பிடிச்சுக்கிச்சு. கோட்டு போட்டிருந்தேன்." மைனர் பெரியவளைப் பார்த்தார், தன் பக்கம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதுபோல. "நீயே சொல்லு. நீ இந்தத் தொழில்ல இருக்கிறவ. வெல்வெட்டுல தண்ணி பட்டா அதோட கதை என்ன ஆகும்?"

பெரியவளுக்கு வாயில் உப்பு ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. அவர் விட்டுப் போன அந்த வருஷம் முழுக்க அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருக்கிறாள். அப்பா தூரதேசத்தில் இருக்கிறார், வழி தெரியாமல் இருக்கிறார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு. ஒரு சாலை அகலத்தில் நின்றிருக்கிறார். கோட்டு நனையும் என்று திரும்பிப் போயிருக்கிறார். தூ.

தம்பி அதுவரை அப்பாவின் காலரைப் பிடித்துச் சரிசெய்துகொண்டே இருந்தான். இப்போது கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல், தன் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அம்மா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மழைதான்" என்றாள். "நல்ல மழை. ஆனா நீங்க நனையலையே."

மைனர் நிமிர்ந்தார்.

"குடை இருந்துச்சே" என்றாள் அம்மா. "ரெண்டு பேர் நிக்கற அளவுக்குப் பெரிய குடை. நான் படியில நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தேன். உங்க கையில குடை இல்ல."

மைனரின் முகத்தில் சாயக் கோடு தாடை வரை இறங்கிவிட்டது. அவர் துடைக்கவில்லை.

"யாரும்மா? யார் பிடிச்சிருந்தது?" என்றான் தம்பி.

"அதை நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்குத்தான் ஞாபகசக்தி நல்லா இருக்கே. பெல்ட்டு நிறம் வரைக்கும் சொல்றார். ஞாயித்துக்கிழமை கடை வாசல்ல எல்லாரும் வருவாங்க இல்ல, அங்க சொல்லட்டும்." அம்மா ஸ்டூலைக் காட்டினாள். "இப்ப அதுலேருந்து இறங்கச் சொல்லு. விளக்கு சும்மா எரியுது."

மைனர் இறங்கினார். யாரும் கை கொடுக்கவில்லை. கோட்டை மட்டும் விடாமல் மார்போடு பிடித்துக்கொண்டு, தலையில்லாத பொம்மைகளுக்கு நடுவே போய் நின்றார்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெரியவள் குனிந்து, கறை தெரியாதபடி மேக்ஸியின் இடப்பக்கத்தை மடித்துவிடப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும், விடு."

கேமராப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று முழுசாகப் புரியவில்லை. இருந்தாலும் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தாள். "ஆன்ட்டி, சூப்பரா இருக்கீங்க. அந்த நாளை நினைச்சுக்கோங்க. அப்படியே கொஞ்சம் சிரிங்க."

"அன்னைக்கு நான் சிரிக்கலம்மா" என்றாள் அம்மா. "அப்படியே எடு."